சோத்த நிறுத்தினா உடம்புக்குள்ள என்ன நடக்குது: டெல்டாக்காரங்களுக்கு கீட்டோ பத்தி ஒரு விளக்கம்

எங்க வீட்ல இன்னமும் உலைக்கு அரிசி அளக்குறது ஆழாக்குலதான். தலை தட்டி ஒரு ஆழாக்கு அளந்தா 140 கிராம் பக்கம் வரும், அதுல மாவுச்சத்து மட்டுமே கிட்டத்தட்ட 110 கிராம். மாவ கொறச்சு கொழுப்பையும் புரதத்தையும் வச்சே வயித்த ரொப்புற கீட்டோ டயட்டுல ஒரு நாள் முழுக்க சேத்தே 20லேருந்து 50 கிராம் வரைக்கும்தான் மாவுச்சத்து, அதுலயும் கத்திரிக்காய்ல இருக்குறது, தயிர்ல இருக்குறது, சட்னிக்கு அரைச்ச தேங்காய்ல இருக்குறது எல்லாம் அடக்கம். அப்ப சோறுன்னு ஒண்ணு இலையில விழவே வழியில்ல. காவேரி தண்ணி பாயுற ஊர்ல பொறந்து வளந்த ஒருத்தர்ட்ட இத சொன்னா அவருக்கு அது டயட்டா தெரியாது, விரதம்னுதான் தெரியும்.

ஆனாலும் பண்றாங்க. மன்னார்குடி, கும்பகோணம், மாயவரம்னு எந்த ஊர் ஜிம்முக்கு போனாலும் ரெண்டு பேராவது கீட்டோல இருக்காங்க, கொஞ்சம் வயசானவங்க அதையே பேலியோன்னு சொல்லி பண்றாங்க. பேர்தான் வேற, நம்ம பக்கம் பேலியோன்னு சாப்புடுற பலரோட தட்ட கணக்கு போட்டு பாத்தா மாவுச்சத்து 50 கிராமுக்குள்ளதான் நிக்கும், அதாவது கீட்டோதான். நான் டாக்டர் இல்ல. எங்க மாமா, அம்மாவோட தம்பி, நீடாமங்கலம் பக்கத்துல ஆறு மா நெலம் வச்சு பயிர் பண்றவரு, போன வருஷம் ஆவணில இதுல இறங்குனாரு, இறங்கி பத்தாவது நாள் வரப்புல சாஞ்சுட்டாரு. அதுக்கு அப்பறம்தான் நான் உக்காந்து இத முழுசா படிச்சேன், டாக்டர்ங்ககிட்ட கேட்டேன், அதத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல உடம்புக்குள்ள நடக்குற வேலை. நாம திங்கிற சோறு குளுக்கோஸா மாறி ரத்தத்துல ஏறும், ஏறுனதும் கணையம் இன்சுலின விடும், இன்சுலின் அந்த சக்கரைய தசைக்கும் கல்லீரலுக்கும் தள்ளிவிடும். அங்க அது கிளைகோஜன்னு ஒரு இருப்பா சேரும். பத்தாயத்துல நெல்லு கொட்டி வைக்கிற மாதிரிதான், ஆனா நம்ம உடம்போட பத்தாயம் ரொம்ப சின்னது, கல்லீரல்ல 100 கிராம், தசையில 400 கிராம், அவ்வளவுதான் கொள்ளும். தசையில இருக்குறத அந்த தசை மட்டும்தான் எடுத்துக்கும், மத்த உறுப்புக்கு குடுக்காது. பத்தாயம் ரொம்பிட்டா மேல வர்றது கொழுப்பா போய் சேரும். இன்சுலின் ஏறி நிக்குற வரைக்கும், ஏற்கெனவே சேத்து வச்ச கொழுப்பும் வெளிய வராது, மதகு எறக்கி வச்ச மாதிரி. மூணு வேளை சோறு, இட்லி, நடுவுல ரெண்டு காபி, சாயங்காலம் ரெண்டு வடைன்னு போற ஒரு ஆளுக்கு, அதுலயும் தொப்பை போட்டு இன்சுலின் வேல செய்யுறதே மந்தமா போன ஆளுக்கு, அந்த மதகு ராத்திரி தூங்கும்போதுதான் கொஞ்சம் தூக்கும்.

சோத்த நிறுத்துனா ஒண்ணு ரெண்டு நாள்ல கல்லீரல் பத்தாயம் காலி. இன்சுலின் எறங்குது, கொழுப்பு வெளிய வர ஆரம்பிக்குது, தசையெல்லாம் அந்த கொழுப்ப நேரா எரிச்சுக்கும், ஆனா மூளைக்கு அது ஆகாது. மூளை ஒரு நாளைக்கு 120 கிராம் குளுக்கோஸ் கேக்குற உறுப்பு. அதுக்காகத்தான் கல்லீரல் கொழுப்ப ஒடச்சு கீட்டோன்ங்கற ஒரு பொருளா மாத்தி அனுப்புது, மூளை அத வாங்கி எரிச்சுக்கும். முழுக்க இல்ல, மிச்சம் வேண்டிய குளுக்கோஸ கல்லீரலே புரதத்துல இருந்தும் கொழுப்போட ஒரு துண்டுல இருந்தும் தயார் பண்ணிக்கும், அதனாலதான் சோறே திங்காத ஆரோக்கியமான ஆளுக்கும் ரத்தத்துல சக்கரை பூஜ்யத்துக்கு போறதில்ல. கீட்டோன்ல ஒண்ணு அசிட்டோன், அது மூச்சு வழியா போகும், அதான் முதல் வாரம் வாயில பழம் அழுகுன மாதிரி ஒரு வாடை வருது. இந்த நெலைக்கு பேர்தான் கீட்டோசிஸ். ரத்தத்துல கீட்டோன் லிட்டருக்கு 0.5லேருந்து 3 மில்லிமோல் வரைக்கும் இருக்கும்.

இத கேட்டதும் சுகர் பேஷண்ட் வீட்டு ஆளுங்க பயப்படுவாங்க, ஏன்னா கீட்டோன்னாலே ஆபத்துன்னு ஆஸ்பத்திரில கேட்டிருப்பாங்க. அது கீட்டோஅசிடோசிஸ், இன்சுலினே இல்லாம போய் கீட்டோன் கட்டுமீறி 10, 15ன்னு ஏறி ரத்தமே அமிலமாகி உயிருக்கு ஆபத்தாகுற நெலை. இன்சுலின் கொஞ்சமாவது சுரக்குற ஆளுக்கு அந்த இன்சுலினே கீட்டோன ஒரு அளவுக்கு மேல ஏறவிடாது. ரெண்டும் வேற வேற. ஆனா ரெண்டும் ஒண்ணாகுற ஒரு வழி இருக்கு, மாத்திரை வழி, அத கீழ தனியா சொல்றேன், அதத்தான் எல்லாரும் கட்டாயம் படிக்கணும்.

முதல் வாரம் எடை குறையுறத பத்தி நெறைய பேர் ஏமாந்து போறாங்க. கிளைகோஜன் ஒரு கிராம் சேரும்போது கூடவே மூணு கிராம் தண்ணிய பிடிச்சு வச்சுக்கும். அரை கிலோ கிளைகோஜன் கரைஞ்சா தண்ணியோட சேத்து ரெண்டு கிலோ போயிடும். அதோட இன்சுலின் எறங்குனா சிறுநீரகம் உப்ப வெளிய தள்ளும், உப்பு போற இடத்துக்கு தண்ணியும் பின்னாடியே போகும். ஒரு வாரத்துல மூணு கிலோ குறைஞ்சுட்டேன்னு சந்தோஷப்படுற ஆளுக்கு அதுல முக்கால்வாசி தண்ணிதான், கொழுப்பு இல்ல. அதே மாதிரி ஒரு மாசம் கழிச்சு சொந்தக்காரங்க கல்யாணத்துல ஒரு பந்தி சாப்ட்டு மறுநாள் ஏறி நின்னா ஒன்றரை கிலோ கூடியிருக்கும், அய்யோ எல்லாம் போச்சுன்னு விட்டுடுவாங்க, அதுவும் தண்ணிதான். இது ஒண்ணு தெரிஞ்சிருந்தா பாதி பேர் நடுவுல விட்டிருக்க மாட்டாங்க.

உப்பு வெளிய போறதாலதான் தலைவலி, கிறுகிறுப்பு, ராத்திரில கெண்டக்கால் இழுத்து பிடிக்கிறது எல்லாம். கீட்டோ ஃப்ளூன்னு பேரு வச்சிருக்காங்க, காய்ச்சல் எல்லாம் இல்ல, உப்பும் தண்ணியும் கொறஞ்சது. உப்பு போட்ட நீர் மோர், ஆட்டுக்கால் சூப், ரெண்டு நாள்ல சரியாயிடும். ஆனா பிரஷர் மாத்திரை போடுறவங்க, சிறுநீரக கோளாறு உள்ளவங்க, இதய பலவீனம் உள்ளவங்க தானா உப்ப கூட்டக்கூடாது, அது டாக்டர் சொல்ற வேலை.

இப்ப உடம்போட அமைப்புக்கு வருவோம், அதாவது மொத்த எடையில கொழுப்பு எவ்வளவு தசை எவ்வளவுங்குறது. நம்ம ஆளுங்களுக்கு எடைய விட இதுதான் முக்கியம். 2004ல லான்செட்ங்கற மருத்துவ பத்திரிகைல ஒரு பக்க கட்டுரை வந்துச்சு, புனேல இருக்குற டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன்ல இருந்த ஜான் யட்கினும் எழுதுனது, ரெண்டு பேரும் பக்கத்து பக்கத்துல நிக்கிற போட்டோ. ரெண்டு பேருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோட ஒப்பிட்ட எடை கணக்கு, அதே 22.3. அளந்து பாத்தா இங்கிலாந்துக்காரர் உடம்புல கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்புல 21.2 சதவீதம். வெளிய பாத்தா ரெண்டு பேருமே ஒல்லி. நம்ம ஊர்ல கை கால் எல்லாம் குச்சியா இருந்து வயிறு மட்டும் முன்னாடி வந்து நிக்கிற எத்தன பேர பாக்குறோம், அவங்கள யாரும் குண்டுன்னு சொல்ல மாட்டாங்க, அவங்களுக்கும் சுகர் வருது. அதனாலதான் நமக்கு பிஎம்ஐ 23லயே அதிக எடைன்னும், இடுப்பு சுத்தளவு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80 சென்டிமீட்டர் தாண்டுனா ஜாக்கிரதைன்னும் வச்சிருக்காங்க. தையக்காரர் டேப் போதும்.

ஜிம்ல ஒரு மெஷின் மேல ஏறி நின்னா கொழுப்பு இவ்வளவு தசை இவ்வளவுன்னு சீட்டு குடுக்கும், அது உடம்புக்குள்ள சின்ன கரண்ட் விட்டு, தண்ணி எவ்வளவு இருக்குன்னு பாத்து, அத வச்சு தசைய கணக்கு போடுற மெஷின். கீட்டோ ஆரம்பிச்ச முதல் வாரம் தண்ணி போறத அது தசை போச்சுன்னு காட்டும், திரும்ப சோறு தின்னா தசை கூடிச்சுன்னு காட்டும். ரெண்டையும் நம்ப வேண்டாம், ரெண்டு மூணு வாரம் கழிச்சு உடம்பு நெலைக்கு வந்த பிறகு, காலையில வெறும் வயித்துல, அதே மெஷின்ல பாத்து ஒப்பிட்டா ஓரளவு சரியா இருக்கும்.

தசை உண்மையிலேயே போகவும் போகும், அது எப்பன்னா புரதம் கம்மியா இருந்தா. எடை குறைக்கிற காலத்துல உடம்பு எடை கிலோவுக்கு 1.2லேருந்து 1.6 கிராம் வரைக்கும் புரதம் வேணும், 60 கிலோ ஆளுக்கு 72லேருந்து 96 கிராம். ஒரு முட்டையில 6 கிராம், 100 கிராம் மீன்ல 20 கிராம் பக்கம், 100 கிராம் பன்னீர்ல 18 கிராம் பக்கம். கணக்கு போட்டு பாத்தா தெரியும் இது லேசு இல்ல. வெண்ணெய்ய காபில போட்டு குடிச்சுட்டு நெய்ய ஊத்தி காய வதக்கி தின்னுட்டு கீட்டோ பண்றேன்னு சொல்றவங்களுக்கு புரதம் 40 கிராம் கூட தேறாது, அவங்களுக்கு எடை குறையும், கூடவே தொடையும் தோளும் சேந்து சுருங்கும். புரதத்தோட கூடவே தசைக்கு வேலையும் குடுக்கணும், பளு தூக்குறதோ தண்டால் எடுக்குறதோ, வாரத்துல ரெண்டு மூணு நாள். நடக்குறது நல்லதுதான், ஆனா நடை மட்டும் தசைய காப்பாத்தாது.

சரி, மத்த டயட்ட விட கீட்டோ கொழுப்ப அதிகமா கரைக்குமா? அமெரிக்காவுல கெவின் ஹால்னு ஒரு ஆராய்ச்சியாளர் 17 ஆம்பளைங்கள ஆராய்ச்சி வார்டுலயே தங்க வச்சு, 4 வாரம் மாவுச்சத்து சாப்பாடு, அடுத்த 4 வாரம் அதே கலோரில கீட்டோ சாப்பாடுன்னு குடுத்து அளந்தாரு, 2016ல முடிவு வந்துச்சு. இன்சுலின் நல்லாவே எறங்கிச்சு, ஆனா கொழுப்பு கரையுற வேகம் கூடல. 2018ல ஸ்டான்ஃபோர்டுல 609 பேர ஒரு வருஷம் ரெண்டு பிரிவா வச்சு பாத்தாங்க, கொழுப்பு கொறச்ச பிரிவு சராசரியா 5.3 கிலோ குறைஞ்சாங்க, மாவுச்சத்து கொறச்ச பிரிவு 6 கிலோ, பெரிய வித்தியாசம்னு சொல்ல முடியாது. அப்ப கீட்டோல ஏன் இவ்வளவு பேருக்கு குறையுதுன்னா, பசி எடுக்குறது கொறையுது, புரதம் வயித்த கட்டுது, அத விட முக்கியமா முறுக்கு, மிக்சர், பரோட்டா, பேக்கரி கேக்குன்னு கலோரி குவிஞ்சு கெடக்குற எல்லாமே ஒரே நாள்ல கைய விட்டு போயிடுது. மந்திரம் இல்ல, சாப்புடுறது தானா கொறையுது. ஆனா ரத்தத்துல சக்கரை எறங்குற விஷயத்துல மட்டும் கீட்டோவுக்கு நிஜமாவே பலம் இருக்கு, ஏன்னா உள்ள போற மாவே இல்ல.

இது உண்டான கதையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும், எடை குறைக்க உண்டானது இல்ல இது. வலிப்பு நோய்க்கு பட்டினி போட்டா வலிப்பு நிக்குதுன்னு ரொம்ப காலமா தெரியும், ஆனா எத்தன நாள் பட்டினி போடுறது, அதனால பட்டினி கெடக்காமலே உடம்ப பட்டினின்னு நம்ப வைக்கிற சாப்பாடா இத 1921ல அமெரிக்காவுல மேயோ கிளினிக்ல இருந்த டாக்டர் ரஸ்ஸல் வைல்டர் முன்வச்சாரு, கீட்டோஜெனிக்னு பேர் வச்சதும் அவர்தான். 1938ல ஃபெனிடாயின் மாத்திரை வந்ததும் இது ஓரம் போயிடுச்சு. 1990கள்ல திரும்ப பேச ஆரம்பிச்சாங்க, 2008ல லண்டன்ல 145 பிள்ளைங்கள வச்சு முறையான ஆய்வு நடந்துச்சு, மருந்துக்கு அடங்காத வலிப்பு உள்ள பிள்ளைங்கள்ல 3 மாசத்துல 38 சதவீதம் பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல கொறஞ்சுது, இந்த சாப்பாடு குடுக்காத பிள்ளைங்கள்ல அது 6 சதவீதம்தான். அது தினமும் கிராம் கணக்கா நிறுத்து, டாக்டரும் டயட்டீஷியனும் பக்கத்துல இருந்து பண்ற வைத்தியம். அதே சாப்பாடுதான் நூறு வருஷத்துல கை மாறி கை மாறி ஜிம் சுவத்துல ஒட்டுன ஒரு பக்க சார்ட்டா நம்மகிட்ட வந்து சேந்திருக்கு, பக்கத்துல இருந்து பாக்குற டாக்டர் மட்டும் கூட வரல.

இனி நம்ம ஊரு. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் (ஐசிஎம்ஆர்) சென்னை டாக்டர் மோகன் ஆராய்ச்சி நிறுவனமும் சேந்து நாடு முழுக்க எடுத்த ஆய்வு 2023ல வந்துச்சு, தமிழ்நாட்டுல பெரியவங்கள்ல 14.4 சதவீதம் பேருக்கு சுகர். அதே ஆய்வோட சாப்பாட்டு கணக்கு 2025ல வந்துச்சு, இந்தியாவுல சராசரியா கலோரில 62 சதவீதம் மாவுச்சத்துல இருந்துதான் வருது. அதுல எனக்கு ரொம்ப முக்கியமா பட்ட ஒண்ணு, வெள்ள அரிசிக்கு பதிலா கோதுமையோ சிறுதானியமோ அதே அளவு தின்னா சுகர் அபாயம் கொறையல, மொத்த மாவுச்சத்த கொஞ்சம் கொறச்சு அந்த இடத்துல பருப்பு, பால் மாதிரி புரதம் வந்தாத்தான் கொறையுது. நம்ம பக்கம் மாப்பிள்ளை சம்பா, கருப்பு கவுனி எல்லாம் திரும்ப பயிராகுறதுல எனக்கு அவ்வளவு சந்தோஷம், திருத்துறைப்பூண்டி நெல் ஜெயராமன் மாதிரி ஆளுங்க வாழ்நாள குடுத்து காப்பாத்துன விதை அது. ஆனா மாப்பிள்ளை சம்பா தின்னா சுகர் வராதுன்னு ரெண்டு தட்டு திங்கிறது சரியில்ல, அதுலயும் 100 கிராமுக்கு 70 கிராமுக்கு மேல மாவுச்சத்துதான். கூடுதலா நார் இருக்கு, மெல்லறதுக்கு நேரம் ஆகும், வயிறு சீக்கிரம் ரொம்பும், அது நல்லது. கீட்டோ ஆகாது.

எங்க தாத்தா காலத்துல ஒரு வேளைக்கு ஒன்றரை ஆழாக்கு சோறு தின்னாங்க, தொப்பை இல்ல. ஜூன் 12ல மேட்டூர் தொறந்தா தண்ணி வந்து சேர்றதுக்குள்ள வாய்க்கா வெட்டணும், வரப்பு கட்டணும், நாத்து பறிக்கணும், நடணும், களை எடுக்கணும், அறுத்து கட்டு கட்டி தலையில தூக்கிட்டு களத்துக்கு நடக்கணும், கதிர் அடிக்கணும். தின்ன சோறு தசையோட பத்தாயத்துல போய் அன்னைக்கே காலியாயிடும். இப்ப நடவுக்கு மிஷின், அறுப்புக்கு மிஷின், நெல்ல அரசாங்க கொள்முதல் நிலையத்துக்கு (டிபிசி) கொண்டு போக டிராக்டர். மாமா வயலுக்கு போறது பைக்ல, வரப்புல நின்னு பாத்துட்டு வர்றது. வேல முக்கால்வாசி போயிடுச்சு, ஆழாக்கு மட்டும் அப்படியே இருக்கு. நம்ம பக்கத்து சுகர் கதையில பாதி இதுலயே அடங்கிடும்னு நான் நெனைக்கிறேன்.

அப்ப ஆழாக்க கொறைக்கணும்னு முடிவு பண்ணா, முன்னாடி வந்து நிக்கிறது மனசு திடம் இல்ல, வீட்டு கணக்கு. ரேஷன்ல அரிசி 2011 ஜூன்ல இருந்து இலவசம், முட்டையும் மீனும் இலவசம் இல்ல. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடி தடை, அப்ப நாகப்பட்டினத்து விசைப்படகு எல்லாம் கரையில, மீன் வெலை கிட்ட போக முடியாது, கொளத்து விரால் கெண்டைதான் கதி. புரட்டாசி முழுக்க பல வீட்ல கறி மீன் கிடையாது, அப்பறம் கார்த்திகையில மாலை போட்டா ரெண்டு மாசம், நடுவுல அமாவாசை, சஷ்டி, வெள்ளிக்கிழமை. சைவ நாள்ல கீட்டோன்னா பன்னீர், தயிர், வேர்க்கடலை, தேங்கான்னு சுருங்கிடும், பருப்ப நம்ப முடியாது, துவரம்பருப்பு 100 கிராம்ல 60 கிராம் மாவுச்சத்து. பேராவூரணி, பட்டுக்கோட்டை பக்கம் தேங்காய்க்கு பஞ்சமில்ல, கஜா புயல்ல 2018ல தோப்பு தோப்பா சாஞ்சும் திரும்ப வச்சு வளத்திருக்காங்க, தேங்கா 100 கிராம்ல 33 கிராம் கொழுப்பு, நார் போக மாவுச்சத்து 6 கிராம்தான், ரொம்ப தோதான பொருள். ஆனா செக்கு தேங்காயெண்ணெய்ய எம்சிடி ஆயில்னு சொல்லி ஸ்பூன் ஸ்பூனா குடிக்க சொல்றது தப்பு. வலிப்புக்கு குடுக்குற எம்சிடி ஆயில் வேற, கல்லீரல்ல நேரா கீட்டோனா மாறுற அந்த ரெண்டு கொழுப்பும் தேங்காயெண்ணெய்ல 15 சதவீதம் பக்கம்தான், மிச்சத்துல பெரும்பகுதி சாதாரண நிறைகொழுப்பு.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. மாமா கீட்டோ பண்ணுனா அத்தைக்கு ரெண்டு சமையல். அவருக்கு தனியா மீன் வறுவல், முட்டை, கீரை, வீட்டுக்கு சோறு குழம்பு. கடைசில ஒக்காந்து அத்தை திங்கிறது என்னன்னு பாத்தா மிஞ்சின சோறும் குழம்பும், மீன் துண்டு எல்லாம் அவர் தட்டுக்கும் பிள்ளைங்க தட்டுக்கும் போயிருக்கும். பாத்தாலே தெரியும் அவங்க இடுப்பளவும் 80 தாண்டியிருக்கும்னு, ஆனா அவங்கள ஒருத்தரும் அளக்கல. ஒருத்தருக்கு மட்டும் டயட்டுங்கறது நம்ம மாதிரி வீட்ல ரொம்ப நாள் ஓடாது, மொத்த அடுப்பும் கொஞ்சம் திரும்பணும்.

மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு இப்ப சொல்றேன். அவருக்கு ஏழு வருஷமா சுகர், மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேந்த மாத்திரை காலையும் ராத்திரியும். ஜிம்ல சார்ட் எழுதி குடுத்தவரு மாத்திரைய பத்தி கேக்கவே இல்ல, இவரும் சொல்லல. ஆடிப்பெருக்குக்கு ஆத்தங்கரையில சித்ரான்னம் எல்லாம் தின்னுட்டு ஆவணி ஒண்ணாந்தேதி ஆரம்பிச்சாரு. "என்ன மாப்ள, ஒரு வாரத்துல நாலு கிலோ போயிடுச்சு பாரு"ன்னு எனக்கு போன் பண்ணி சொன்னாரு, நானும் "சூப்பர் மாமா, விடாம பண்ணுங்க"ன்னு சொன்னேன், மாத்திரைய பத்தி எனக்கும் தோணல. பத்தாவது நாள் காலையில ரெண்டு முட்டை தின்னு மாத்திரைய போட்டுட்டு நாத்தங்கால் பாக்க போனவரு, பதினோரு மணிக்கு கை நடுங்கி வேர்த்து கொட்டி வரப்புல ஒக்காந்துட்டாரு. பக்கத்து வயல்காரர் சக்கரை தூக்கலா டீ வாங்கிட்டு வந்து குடிக்க வச்சாரு, வீட்டுக்கு வந்து மெஷின்ல குத்தி பாத்தா அப்பவும் 58. கிளிமெபிரைட் கணையத்த அடிச்சு இன்சுலின் விட வைக்கிற மாத்திரை, சோறு வருதா இல்லையான்னு அதுக்கு தெரியாது. தின்னது முட்டை, விட்டது சோத்துக்கான இன்சுலின். இன்சுலின் ஊசி போடுறவங்களுக்கும் இதே ஆபத்து, இன்னும் அதிகம். மாவுச்சத்த கொறைக்கிற அதே நாள்ல இந்த மருந்தையும் டாக்டர் கொறைச்சு குடுக்கணும், ஒரு வாரம் கழிச்சு இல்ல, அன்னைக்கே. பிரஷர் மாத்திரையும் அப்படித்தான், உப்பும் தண்ணியும் போனதும் பிரஷர் தானா எறங்கும், பழைய டோஸ்லயே போனா எழுந்து நிக்கும்போது கண்ணு இருட்டும்.

இத விட மோசமானது இன்னொரு மாத்திரை, டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின்னு பேர் வர்ற வகை. சக்கரைய மூத்திரத்துல வெளியேத்துற மாத்திரை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ரொம்ப நல்லது செய்யுற மருந்துதான், 2020ல டாபாவோட பேட்டன்ட் முடிஞ்சதும் வெலை எறங்கி இப்ப சின்ன ஊர்லயும் நெறைய பேர் போடுறாங்க. இந்த மாத்திரைய போட்டுக்கிட்டே கீட்டோ பண்ணா, ரத்தத்துல சக்கரை 150, 200ன்னு சாதாரணமா காட்டும், ஆனா உள்ள கீட்டோன் கட்டுமீறி ஏறி கீட்டோஅசிடோசிஸ் வந்துடும். மெஷின்ல குத்தி பாத்தா நார்மல், ஆளு வாந்தி எடுத்து மூச்சு வாங்கிட்டு கெடப்பாரு, வீட்ல கேஸ் ட்ரபுள்னு சோடா வாங்கி குடுப்பாங்க. நான் மேல சொன்ன மாத்திரை வழி இதுதான். இந்த மாத்திரை சாப்புடுறவங்க டாக்டர்ட்ட கேக்காம ஒரு நாள் கூட கீட்டோ ஆரம்பிக்காதீங்க, இத கையெடுத்து கும்பிட்டு கேக்குறேன்.

முதல் வகை (டைப் 1) சுகர் உள்ளவங்க, கர்ப்பமா இருக்குறவங்க, பால் குடுக்குற தாய்மாருங்க, சிறுநீரக கோளாறு முத்துனவங்க, கணையத்துல வீக்கம் வந்தவங்க, இவங்களுக்கு கீட்டோ வேண்டாம். கல்லு வர்ற வாகு உள்ளவங்களும் யோசிக்கணும், வலிப்புக்காக இந்த சாப்பாட்டுல இருந்த பிள்ளைங்கள்ல நூத்துல அஞ்சாறு பேருக்கு சிறுநீரக கல்லு வந்திருக்கு, நம்ம சித்திரை வெயில்ல வயல்ல நின்னா தண்ணி இன்னும் வத்தும்.

மாமாவுக்கு டாக்டர் கிளிமெபிரைட நிறுத்திட்டாரு, மெட்ஃபார்மின் மட்டும். தினம் நாலு வேளை குத்தி பாத்து எழுத சொன்னாரு. நாலு மாசம் போச்சு, இடுப்பு 104ல இருந்து 95க்கு வந்துச்சு, எச்பிஏ1சி, அதாவது மூணு மாச சக்கரையோட சராசரி, 8.9ல இருந்து 6.8க்கு எறங்கிச்சு. நல்ல சேதிதான். அதே சீட்டுல எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 118ல இருந்து 171க்கு ஏறியிருந்துச்சு. கீட்டோல சில பேருக்கு இப்படி ஆகும், எல்லாருக்கும் இல்ல, யாருக்கு ஆகும்னு முன்னாடியே சொல்ல முடியாது, அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்ன ஒரு தடவ, ரெண்டு மூணு மாசத்துல ஒரு தடவ கொழுப்பு டெஸ்ட் எடுத்தே ஆகணும். ட்ரைகிளிசரைடுங்கற இன்னொரு ரத்த கொழுப்பு கொறஞ்சா போதும் எல்டிஎல் ஏறுனா பரவால்லன்னு சொல்றவங்க இருக்காங்க, நம்ம மக்களுக்கு மாரடைப்பு சின்ன வயசுலயே வர்றத பாத்துக்கிட்டு என்னால அத ஏத்துக்க முடியல. டாக்டர் நெய்யையும் தேங்காயெண்ணெய்யையும் நல்லா கொறைக்க சொன்னாரு, கடலை எண்ணெய் நல்லெண்ணெய் அளவா, மத்தி, கானாங்கெளுத்தி மாதிரி மீன், வேர்க்கடலை, நெறைய கீரை.

அதோட கீட்டோவ முடிச்சுக்கலாம்னும் சொன்னாரு. முடிக்கிறதுதான் ஆரம்பிக்கிறத விட கஷ்டம், ஏன்னா விட்டதும் நேரா பழைய ஆழாக்குக்கு போனா ஆறு மாசத்துல எல்லாம் திரும்பிடும். ரொம்ப நாள் சோறு திங்காத உடம்பு முதல்ல சக்கரைய சமாளிக்க தெணறும், அதனால கீட்டோல இருந்துக்கிட்டே குளுக்கோஸ் குடிச்சு பாக்குற டெஸ்ட் எடுத்தா சுகர் இருக்குன்னு தப்பா கூட காட்டும், மூணு நாள் நல்லா மாவுச்சத்து தின்னுட்டுதான் அத எடுக்கணும். மாமா தை பொங்கலுக்கு புது அரிசி பொங்கல்ல ஆரம்பிச்சாரு, ரெண்டு கரண்டி. அப்பறம் வாரத்துக்கு கொஞ்சமா கூட்டி, இப்ப மதியம் அரை ஆழாக்கு அரிசி சோறு, அதாவது 55 கிராம் மாவுச்சத்து. எலையில முதல்ல காயும் மீனும், கடைசிலதான் சோறு. காலையில முட்டையும் சுண்டலும், ராத்திரி சோறு இல்ல, தோசைன்னா ஒண்ணு. காபில சக்கரை விட்டாச்சு. கீட்டோ இல்ல இது, முன்ன தின்னதுல பாதிக்கும் கம்மி மாவு, முன்ன விட ரெண்டு மடங்கு புரதம். நாத்து கட்டு தூக்குறத ஆளுக்கு விடாம அவரே தூக்குறாரு, காலையில மணல் ரொப்புன ரெண்டு குடத்த வச்சு ஒக்காந்து எழுந்திரிக்கிறாரு. இடுப்பு 96லயே நிக்குது.

அத்தை இப்ப ரெண்டு சமையல விட்டுட்டாங்க, எல்லாருக்கும் ஒரே குழம்பு, மீன் துண்டு எண்ணி எல்லார் எலையிலயும், ஆழாக்கு மொத்த வீட்டுக்கும் ஒண்ணு கொறஞ்சிருக்கு. சம்பா அறுப்பு முடிஞ்சு தை கடைசில மாமாவுக்கு எல்டிஎல் திரும்ப பாக்கணும், வண்டில நான்தான் கூட்டிட்டு போறேன். அத்தையும் அன்னைக்கு வெறும் வயித்தோட கெளம்பி வரணும்னு சொல்லியிருக்கேன், அவங்களுக்கு இதுவரைக்கும் ஒரு தடவ கூட யாரும் சுகர் பாத்ததில்ல.